குழுவுக்கு அனுப்பாத ஒன்று

ஜனவரி 6, சனி

‘கண்டெடுத்தவை’ குழுவுக்கு இந்த வாரம் மூன்று அனுப்பினேன். ரத்தம் குடிக்கும் வௌவால்கள் பற்றி ஒன்று. இரை கிடைக்காமல் பட்டினியாகத் திரும்பிய கூட்டாளிக்கு, வயிறு நிறைந்த வௌவால் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுமாம். யார் ஊட்டினார்கள், யார் கைவிரித்தார்கள் என்பதும் அவற்றுக்கு நினைவிருக்குமாம். இரண்டாவது, குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் செயலி. மூன்றாவது என் தொழில்: பழைய எகிப்தில் வேலையாட்களுக்குப் படியாகப் பீர் அளந்தார்களாம். எங்கள் முதலாளி கண்ணில் இது படக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஊரடங்குக் காலத்தில் பொழுது போகாமல் ஆரம்பித்த குழு. பள்ளித் தோழர்கள், சொந்தக்காரர்கள் என்று நாற்பது பேர் இருக்கிறார்கள். வாரம் முழுக்க இணையத்தில் மேய்ந்து, பிடித்ததை இங்கே குறித்துவைத்துக்கொண்டு, சனிக்கிழமை மாலை அனுப்புவேன். பாதிப் பேர் படிப்பதில்லை, கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்று விடாமல் படித்துவிட்டுப் போன் போட்டுக் கேள்வி கேட்கும் ஒரே ஆள் அமலோர் அண்ணன்தான். மோட்டார் காயில் சுற்றுகிற கடை வைத்திருந்தவர். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டார். நான் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, புதுச்சேரி கடற்கரைச் சாலை விடுதியில் பீர் காய்ச்சுகிறேன். “எங்க வூட்ல குடிக்கிறவன் ஒருத்தன், காய்ச்சுறவன் ஒருத்தன்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அவர் குடிப்பதில்லை. குடித்த இருபது வருடம் ஈரலைத் தின்றுவிட்டது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பார் என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “நான் குடுக்கறேன்” என்று சொன்னேன். ஜெசிந்தா அண்ணி கையிலிருந்த கரண்டியோடு அப்படியே உட்கார்ந்து அழுதார். மற்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ அதைப் படம் பிடித்துக் குழுவிலும் போட்டுவிட்டார்கள்.

ரத்தப் பிரிவு பொருந்துகிறது. மற்ற சோதனைகளும் பொருந்திவிட்டன.

ஜனவரி 11, வியாழன்

சென்னை. ஸ்கேன், இதயம், மறுபடி ரத்தம். கடைசியில் ஒரு அம்மாள் என்னை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டார். உறுப்பு கொடுப்பவர்களிடமும் வாங்குபவர்களிடமும் பேசுவது அவருக்கு வேலையாம். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

“மிஸ்டர் செலஸ்டின், குடும்பத்துக்கு முன்னாடி சொல்ல முடியாதது நிறைய இருக்கும். உங்களுக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லலாம். ஆபரேஷன் அன்னிக்குக் காலைலகூடச் சொல்லலாம். நாங்க உங்க அண்ணன்கிட்ட ‘மருத்துவக் காரணம், அவருது எடுக்க முடியாது’ன்னு மட்டும் சொல்லுவோம். நீங்க சொன்னதா வெளிய போவாது.”

எனக்குச் சுருக்கென்று இருந்தது. என்னைப் பார்த்தால் பின்வாங்குகிறவன் மாதிரியா தெரிகிறது?

“எனக்கென்னங்க பயம்? கூடப் பொறந்தவரு” என்றேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

ஜனவரி 12, வெள்ளி

உள்ளே கூப்பிட்டு என்ன கேட்டார்கள் என்று என் மனைவி புளோரா கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

ஜனவரி 20, சனி

இந்த வாரச் சரக்கில் நட்சத்திரம் ‘வயிற்றில் பீர் காய்ச்சும் மனிதன்’. சோறும் ரொட்டியும் தின்றால் போதும், குடலிலுள்ள ஈஸ்ட் அதைச் சாராயமாக்கிவிடுகிறது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் போதையில் வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ‘முதலீடே இல்லாத போட்டியாளர்’ என்று எழுதி அனுப்பினேன். குழு சிரித்து மாய்ந்தது. அண்ணன் போன் செய்து, “எனக்கு அந்த வியாதி இருந்திருந்தா எவ்ளோ காசு மிச்சமாயிருக்கும்டா” என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. சிரித்ததிலா, நீர் கோத்ததிலா தெரியவில்லை.

என் ஈரலில் வலது பக்கம், பாதிக்கு மேல் எடுப்பார்கள். மிச்சம் சில மாதத்தில் வளர்ந்துவிடும். உடம்பில் இப்படித் தானாக வளரும் உறுப்பு வேறில்லை. இதையும் அனுப்பலாம் என்று தேடப் போனேன். கொடுத்தவர்களில் இறந்துபோனவர்கள் பற்றி ஒரு பக்கம் வந்தது. ஐநூறில் ஒருவர் என்கிறார்கள், இருநூறில் ஒருவர் என்கிறார்கள். ஒருத்தரின் மனைவி எழுதியிருந்ததை முழுக்கப் படித்தேன். அதை அனுப்பவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

ஜனவரி 27, சனி

அண்ணன் குடித்திருக்கிறார்.

மாற்று ஈரல் வைக்க வேண்டுமானால் மாதக்கணக்கில் சொட்டுக் குடி இல்லாமல் இருக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் சிறுநீர் கேட்பார்கள். புதுச்சேரியிலேயே ஒரு மையத்தில் வாங்கி, மற்ற ஊர்ச் சாம்பிள்களோடு பெட்டியில் போட்டுச் சென்னைக்கு அனுப்புவார்கள். அதில் ஆல்கஹால் இருக்கிறது என்று முடிவு வந்திருக்கிறது. ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

வில்லியனூர் மாதா மேல் சத்தியம் செய்கிறார் அண்ணன். “மெய்யாலுமே தொடலம்மா, ரெண்டு பொண்ணுங்க மேல ஆணையா தொடல.” அண்ணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு.” இருபது வருடமாகச் சத்தியங்களைக் கேட்டுப் புளித்த காது அது. என் கல்யாணத்தன்று கோயில் வாசலில் விழுந்து கிடந்தவரும் இதே அண்ணன்தான். அன்று காலையிலும் ஒரு சத்தியம் செய்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. நான் வயிற்றைக் கிழித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன், இவருக்கு ஒரு பாட்டிலை விட முடியவில்லை. கோபம்தான், வேறொன்றுமில்லை.

பல நாள் கழித்து இன்றுதான் நன்றாகத் தூங்கப்போகிறேன்.

பிப்ரவரி 3, சனி

காயம்பட்ட தோழர்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் ஆப்பிரிக்க எறும்புகள். புண்ணுக்கு மருந்துகூடப் போடுகின்றன. படத்தோடு அனுப்பினேன். நல்ல வரவேற்பு.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். ‘மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்’ என்று சாமியார் பூசும்போது வழக்கத்தைவிட உற்றுக் கேட்டேன்.

இரண்டாவது சோதனையிலும் ஆல்கஹால். மூன்றாவதும் இப்படி வந்தால் மருத்துவமனையில் அவருடைய ஃபைலை மூடிவிடுவார்கள். என்னுடையது மட்டுமல்ல, யாருடைய ஈரலும் கிடைக்காது.

அண்ணி வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டார். அரிசி டிரம், கக்கூஸ் தண்ணித் தொட்டி, ஸ்கூட்டர் சீட்டுக்கடியில், பழைய மோட்டார்களுக்குள்ளே. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவருடைய கோபத்தை இரட்டிப்பாக்கியது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். “பரண்ல பாத்தியா ஜெசிந்தா, அதையும் பாத்துடு” என்று அவரே சொன்னார். நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பார்க்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு அண்ணி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டில் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

பிப்ரவரி 17, சனி

மதியம் அண்ணன் விடுதிக்கு வந்தார். வயிறு முன்னால், ஆள் பின்னால். காய்ச்சும் கூடத்துக்குள் அவர் வந்ததே இல்லை. குடித்த காலத்தில் நான் உள்ளே விட்டதில்லை, குடியை விட்ட பிறகு அவராக வரவில்லை. வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“உள்ள வந்தா வாசனைல ஏறிடும்டா, வெளிய வா.”

மஞ்சள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். தண்ணீர் பாட்டில்தான். உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை.

“என்னண்ணே இது?”

“என் ஒண்ணுக்கு. இப்பதான் புடிச்சது. கழுவித்தான் புடிச்சன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“நீ ஒண்ணு அனுப்புனியே, வயித்துலயே பீரு காய்ச்சுற ஆளுன்னு. நானும் யோசிச்சிப் பாத்தன். எனக்குத் தலை சுத்தல, போதை இல்ல. அப்ப வயித்துல இல்ல. ஆனா எனக்கு ஒண்ணுக்குலயே சக்கரை போவுதில்ல? சக்கரை இருந்தா ஈஸ்ட்டு பொங்கும்னு நீதான சொல்லுவ. அங்கயே பொங்குமாடா?”

நான் குனிந்து பாட்டிலைப் பார்த்தேன்.

“சிரிக்கிறதா இருந்தா சிரி. ஆனா பாத்துச் சொல்லு. நீ படிச்சவன், உன்கிட்ட மிசினு இருக்குது. டாக்டரு நான் சொன்னா கேப்பாரா? குடிகாரன் புதுசா ஒரு கதை கண்டுபுடிச்சிருக்கான்னுவாரு. நீ சொன்னா கேப்பாரு. எனக்கு உன்ன உட்டா ஆளு இல்ல.”

“வெச்சிட்டுப் போண்ணே, பாக்கறன்.”

“ஜெசிந்தாகிட்ட சொல்லாத. ஒண்ணுக்க எடுத்துக்கினு தம்பிகிட்ட போனன்னா மானம் போயிரும்.”

ஆட்டோ ஏற்றிவிட்டேன். உட்காரும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் விரல்களில் காயில் கம்பி அறுத்த தழும்புகள். சின்ன வயதில் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். அண்ணனை எனக்குப் பிடிக்கும். இதை இங்கே எழுதிவைக்க வேண்டும்போல் இருக்கிறது.

இன்று குழுவுக்கு எதுவும் அனுப்பவில்லை. வேலை அதிகம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

விடுதியில் ஆள் குறைவு. ஒவ்வொரு தொட்டியிலும் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று நாங்கள் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்ப்போம். அதில் ஒரு சொட்டு வைத்தேன். இல்லை என்று காட்டி அவரைச் சமாதானப்படுத்தலாம் என்றுதான் வைத்தேன்.

ஈஸ்ட்தான். மொட்டுவிட்டுப் பெருகிக்கொண்டிருக்கும் ஈஸ்ட், கண்ணாடித் தகடு நிறைய. என் தொட்டியில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுவேன்.

மிச்சத்தைச் சின்னக் குடுவையில் ஊற்றி ஏர்லாக் மாட்டி வைத்திருக்கிறேன். உள்ளேயிருந்து வாயு வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வராது, அப்படியொரு மூடி. பொங்கினால் அதில் குமிழ் வரும்.

பிப்ரவரி 19, திங்கள்

குமிழ் வருகிறது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். இருபது வருடமாக இந்த வாசனையில் சம்பளம் வாங்குகிறேன், எனக்குத் தப்பாது.

ஈஸ்டுக்கு வேண்டியது சர்க்கரை, சூடு, கொஞ்சம் நேரம். சர்க்கரை அண்ணன் கொடுக்கிறார். சூடும் நேரமும் சென்னைக்குப் போகிற பெட்டி கொடுக்கிறது. அவர் வாயில் ஒரு சொட்டும் படத் தேவையில்லை. ரத்தத்தில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ரத்தத்தில் பாருங்கள் என்று யாராவது சொன்னால் போதும்.

தேடியதும் கிடைத்தது. அயல்நாட்டில் ஒரு அம்மாள், சர்க்கரைக்காரர், மாற்று ஈரலுக்குக் காத்திருந்தவர். சிறுநீரில் ஆல்கஹால் வந்துகொண்டே இருந்ததால் குடிகாரி என்று பட்டியலில் சேர்க்க மறுத்திருக்கிறார்கள். குடிக்கவில்லை என்று அவரும் கரடியாய்க் கத்தியிருக்கிறார். கடைசியில் ஓர் ஆய்வகத்துக்காரர் சந்தேகப்பட்டுப் பார்க்க, மூத்திரப்பைக்குள் ஈஸ்ட் குடியிருந்திருக்கிறது. எங்கள் பீர் ஈஸ்டுக்கு நெருங்கிய சொந்தமான ஈஸ்ட். மருத்துவ இதழில் வந்திருக்கிறது. என் குழுவுக்கென்றே எழுதிய மாதிரி ஒரு செய்தி: இயற்கை இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது, பீர் இருக்கிறது, மனித மனமும் இருக்கிறது.

அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு கைபேசியை வைத்துவிட்டுத் தொட்டி கழுவப் போனேன்.

ஒரே ஒரு பாட்டில், ஒரே ஒரு தடவை. தண்ணீர் பாட்டிலில் வெளியிலிருந்து ஈஸ்ட் வந்திருக்கலாம். என் கூடத்தில் காற்றிலேயே ஈஸ்ட் இருக்கிறது. ஒரு சோதனை எதையும் நிரூபிக்காது. அறிவியல் தெரிந்தவன் அவசரப்படக் கூடாது.

பிப்ரவரி 20, செவ்வாய்

குடுவையைக் கொட்டிக் கழுவி வெந்நீர் ஊற்றி வைத்தேன். கோதுமை பீர் நன்றாக வந்திருக்கிறது.

பிப்ரவரி 22, வியாழன்

புளோராவிடம், “ஒருவேளை அண்ணன் குடிக்கலன்னு வெச்சிக்கோ…” என்று ஆரம்பித்தேன்.

“வெச்சிக்கினா?” என்றாள். தோசையைத் திருப்பாமல் என்னையே பார்த்தாள். “மறுபடியும் உங்கள மேசைல படுக்க வெப்பாங்களா?”

“சும்மா கேட்டன்.”

“சும்மா கேக்காதீங்க.”

சென்னையில் அந்த அம்மாளிடம் போய், ஈஸ்ட் விஷயத்தைச் சொல்லிவிட்டு ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று இப்போதும் சொல்லலாம்தான். அண்ணனுக்கு வேறு யாருடையதாவது கிடைக்கக்கூட வாய்ப்பிருக்கிறது. ஆனால் எல்லாம் பொருந்துகிறது என்று முன்பே எல்லாருக்கும் சொல்லியாயிற்று. திடீரென்று மருத்துவக் காரணம் என்றால் அண்ணிக்குப் புரியாதா? கைதட்டினவர்களும் குழுவிலிருக்கும் நாற்பது பேரும் முட்டாள்களா?

பிப்ரவரி 24, சனி

குழுவுக்கு இரண்டு. தானம் கிடைத்த ஈரலை உடல் சூட்டிலேயே உயிரோடு வைத்திருக்கும் இயந்திரம். ஆட்களைத் தேன்கூட்டுக்கு வழிகாட்டிக் கூட்டிப்போகும் ஆப்பிரிக்கப் பறவை.

அனுப்பி முடிப்பதற்குள் அண்ணனின் போன்.

“பாத்தியாடா?”

“பாத்தண்ணே.”

“இன்னா?”

“ஒண்ணும் இல்லண்ணே. சுத்தமா இருந்துச்சு.”

பின்னால் தொலைக்காட்சியில் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது.

“நல்லாப் பாத்தியா?”

“மிசின்லயே பாத்தன். அப்படியெல்லாம் அங்க பொங்காதுண்ணே.”

“செரிடா. நீ சொன்னா செரியா இருக்கும்” என்று வைத்துவிட்டார்.

மார்ச் 2, சனி

உளவியல் பக்கம் ஒரு நல்ல கண்டெடுப்பு. செய்யாத குற்றத்தைச் செய்ததாக மனிதர்களை நம்பவைக்க முடியும். கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து, ‘சின்ன வயதில் நீ திருடினாய், போலீஸ் வந்தது, நினைத்துப் பார்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, எந்த இடம், எப்படி என்றெல்லாம் விவரமும் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பினேன். ‘அருமை’ என்று பன்னிரண்டு பேர்.

அண்ணன் போன் செய்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“செய்யாதத செஞ்சதா நெனைக்கலாம்னா, செஞ்சத செய்யலன்னும் நெனைக்கலாமில்ல?”

“அது வேறண்ணே.”

“ராத்திரில எழுந்து போறனோ இன்னாவோ. நடந்துபோயி குடிச்சிட்டு வந்து படுத்துக்கறனோ. எனக்கே தெரிலடா. மூத்தவகிட்ட கதவ வெளிய பூட்டச் சொல்லிட்டன்.”

ஈரல் கெட்டால் மூளையிலும் குழப்பம் வரும், மருத்துவர்களே சொல்வார்கள். அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

மார்ச் 7, வியாழன்

சென்னை. மூன்றாவது சோதனையும் அப்படியே. அண்ணன், அண்ணி, நான், எதிரே அந்த அம்மாள். அண்ணன் கண்ணெல்லாம் மஞ்சள்.

“உண்மையச் சொன்னீங்கன்னா எங்களால உதவி பண்ண முடியும் சார். மறுவாழ்வு சிகிச்சை இருக்கு. முதல்ல ஒத்துக்கணும்” என்றார் அந்த அம்மாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த ஈரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமாம்மா, குடிச்சன்” என்றார்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். எங்கே, எப்போது என்று அந்த அம்மாள் கேட்க, கேட்க, அண்ணன் சொல்லிக்கொண்டே போனார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் மாடிக் கடை. குவார்ட்டர் பிராந்தி. பக்கத்தில் மிளகாய் போட்ட சுண்டல். கடைக்காரன் பெயர்கூடச் சொன்னார்.

அந்தச் சந்துக் கடையை இடித்து வெகுநாள் ஆகிறது. அங்கே இப்போது கைபேசி விற்கிறார்கள். என் கைபேசியே அங்கே வாங்கியதுதான். அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் அந்த அம்மாள் எழுதி முடித்துவிட்டார்.

திரும்பும்போது பேருந்தில் அண்ணி முன்னால் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

மார்ச் 16, சனி

ஃபைலை மூடிவிட்டதாகத் தகவல் வந்தது. ஒப்புக்கொண்டால் உதவி என்று சொன்னார்கள். சிகிச்சை முடித்து, மாதக்கணக்கில் சுத்தமாக இருந்து காட்டினால் மறுபடி விண்ணப்பிக்கலாமாம். அவ்வளவு காலம் அவருக்கு இல்லை.

புளோரா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, ரொம்ப நேரம் முழந்தாளிட்டிருந்தாள். எதற்கு நன்றி சொல்கிறாள் என்று தெரியும், கேட்கவில்லை.

குழுவுக்கு: ஒன்றுமில்லை.

மார்ச் 29, பெரிய வெள்ளி

பாஸ்காவுக்குள், ஈஸ்டர் ஞாயிற்றுக்குள், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட வேண்டும். இத்தனை வருடத்தில் தவறியதில்லை. கோயிலுக்குப் போனேன், வரிசை நீளமாக இருந்தது, வந்துவிட்டேன்.

மார்ச் 31, பாஸ்கா

பாவசங்கீர்த்தனம் செய்யாததால் பூசையில் நன்மை அப்பம் வாங்கவில்லை. ஏன் எழுந்து போகவில்லை என்று புளோரா கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 6, சனி

அண்ணன் ரத்தமாக வாந்தி எடுத்தார். அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். மூக்கில் குழாய், கையில் குழாய். அண்ணி மருந்து வாங்கப் போனபோது நான் மட்டும் இருந்தேன். கண்ணைத் திறந்தார்.

“செலஸ்டின்…”

“சொல்லுண்ணே.”

“நான் குடிக்கலன்னுதான்டா நெனச்சிக்கினு இருந்தன். சத்தியமா அப்படித்தான் நெனச்சன். நீ பாத்து ஒண்ணும் இல்லன்னு சொன்னப்புறம்தான்… செரி, நாமதான் குடிச்சிருக்கோம்போலன்னு புரிஞ்சிச்சு.”

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். நீர் கோத்து வீங்கிய கால். விரல் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்தது உண்மை.

“ஆனா பாரு,” என்றார், “எங்க குடிச்சன்னு மட்டும் ஞாபகம் வரவேயில்ல. அந்தம்மா கேட்டுச்சேன்னு வாய்க்கு வந்தத சொன்னன்.”

அண்ணி மருந்தோடு வந்துவிட்டார். அண்ணன் அவரையே பார்த்தார். அண்ணி நர்சிடம் மருந்தைக் கொடுத்துவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

விடியற்காலையில் அண்ணன் போய்விட்டார். நினைவு திரும்பவேயில்லை.

ஏப்ரல் 10, புதன்

அடக்கம். நல்ல கூட்டம். ‘ஈரலையே குடுக்கறன்னு நின்ன தம்பி, அந்தாளுக்குக் குடுத்துவெக்கல’ என்று இரண்டு பேர் என் காதுபடவே பேசினார்கள். ஒருத்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எனக்கு அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. குழியில் மண் போடும்போது புளோரா என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏப்ரல் 17, புதன்

அண்ணனுக்காகப் பூசை வைத்தோம். முடிந்து வீட்டுக்கு வந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு அண்ணி என்னைச் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டார். ஆள் பாதியாகிவிட்டார். அடுப்பைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

“தம்பி, சாம்பல் புதன்லருந்து அவரோட பேசல நான். ஆஸ்பத்திரில என்னையே பாத்துக்கினு இருந்தாரு, அப்பவும் பேசல. வாயில பால் ஊத்துனப்பகூட ‘என்னங்க’ன்னு ஒரு வார்த்த கூப்புடல. இப்பக் கண்ண மூடுனா அதான் வருது.”

“விடுங்கண்ணி.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கறன். வூட்ல எங்கயும் ஒரு பாட்டிலு கெடைக்கல. வாயிலயும் வாசனை இல்ல. இருபது வருசம் கூடப் படுத்தவ, எனக்குத் தெரியாதா வாசனை? ஆனா அவரே ஒத்துக்கினாரு. நீங்க இதுலயே இருக்கிறவரு, உங்களுக்குத் தெரியும்.” துணியை வைத்துவிட்டுத் திரும்பினார். “அவரு குடிச்சது நெசந்தான?”

அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் மனசு வராது. இல்லை அண்ணி, அவர் தொடவேயில்லை என்று சொன்னால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்? ஒரு பாவமும் அறியாத மனுஷனைப் பட்டினி போட்ட மாதிரி வார்த்தை இல்லாமல் சாகவிட்டோம் என்று மிச்ச நாளெல்லாம் சுவரில் முட்டிக்கொள்ள மாட்டாரா? இரண்டு பெண்களை வளர்க்க வேண்டியவர். போனவருக்கு இனி எதுவும் ஆகப்போவதில்லை, இருப்பவரைத்தான் பார்க்க வேண்டும். அவருடைய நன்மைக்காகத்தான் சொன்னேன்.

“நெசந்தாண்ணி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார். தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்தவர் மாதிரி நிமிர்ந்தார்.

“அப்ப நான் செஞ்சதுல தப்பு இல்ல” என்றார். “சின்னவதான் நம்ப மாட்டேங்கறா. அப்பா குடிச்சிருக்க மாட்டாரும்மா, மாதா மேல சத்தியம் பண்ணாரும்மான்னு தெனமும் என்கிட்ட சண்டை. செலஸ்டின் சித்தப்பாவே சொல்லிட்டாருடின்னு சொல்லிடறன். நீங்க சொன்னா நம்புவா.”

சொல்லுங்கண்ணி என்றேன்.